துலாக்கோலுக்குப் புலப்படாதவை

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் வைத்திய சாஸ்திரம் போதித்துவந்த சாந்தோரியோ என்னும் அறிஞர், பெரியதொரு துலாக்கோலின் ஒரு முனையில் நாற்காலி ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்தவாறே உண்டும் உழைத்தும் உறங்கியும், உட்கொண்ட ஆகாரத்தின் நிறையையும் வெளியேறிய கழிவின் நிறையையும் தம் தேகத்தின் நிறையையும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சலியாமல் நிறுத்துக் குறித்துவைத்தார். 1614-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு நூலில் கண்ட முடிவு விசித்திரமானது. நாளொன்றுக்கு எட்டு ராத்தல் அன்னபானம் உட்கொள்ளும் மனிதனிடமிருந்து கண்ணுக்குத் தெரியும் வழிகளில் வெளியேறுவது மூன்று ராத்தலே. மிச்சமுள்ள ஐந்து ராத்தலும், வேர்வை என்றுகூடச் சொல்ல இயலாதபடி, தோலின் வழியாகவும் சுவாசத்தின் வழியாகவும் புலனுக்கு எட்டாமல் மறைந்துபோகிறது. தேகத்தின் எடையை எண்ணால் அளந்து ஆராயப் புகுந்த முன்னோடிக்கே, தராசு காட்டியதைக் காட்டிலும் காட்டாதது பெரிதாக இருந்தது.

ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் சுழல நின்றுகொண்டு, காசு போட்டவுடன் தடித்த அட்டை ஒன்றை வெளியே தள்ளிய எடை இயந்திரங்களை நம்மில் பலர் அறிவோம். அட்டையின் ஒரு பக்கத்தில் எடை அச்சாகியிருக்கும். மறுபக்கத்தில் நம் குணத்தைப் பற்றியோ வருங்காலத்தைப் பற்றியோ ஒரு வரி இருக்கும். அந்த வரியை மெய்யென்று நம்பியவர் அரிது; வாசித்துச் சிரித்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டோம். ஆயினும், எடையைக் குறைப்பது குறித்துப் படித்தவரும் பாமரரும் ஒருங்கே கொண்டுள்ள அபிப்பிராயங்களை ஆராயுங்கால், அந்த அட்டையின் இரு பக்கங்களையும் நாம் இன்னும் ஒன்றாகவே வாசித்துவருகிறோமோ என்ற சந்தேகம் எழுகிறது. எண் கூடினால் சோம்பல் என்றும், குறைந்தால் ஒழுக்கம் என்றும், மீண்டும் கூடினால் மனவுறுதியின்மை என்றும் குணத்தை நிர்ணயித்துவிடுகிறோம். ஆரோக்கியத்தையும் அந்த எண்ணிலேயே பார்த்துவிடுகிறோம். இவ்விஷயத்தில் உலவும் பிழையான எண்ணங்கள் பல. அவற்றின் வேரோ பெரும்பாலும் ஒன்றே. ஜீவனுள்ள தேகத்தை வரவுசெலவு எழுதும் பேரேடாக நாம் பாவிப்பதுதான் அந்த வேர்.

கொழுப்பு போகும் வழி

இளைத்தவரின் கொழுப்பு எங்கே போயிற்று என்னும் எளிய கேள்வியிலிருந்தே தொடங்கலாம். ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்னும் இருவர் இதே கேள்வியைக் குடும்ப வைத்தியர்களிடமும் ஆகார நிபுணர்களிடமும் தேகப்பயிற்சி ஆசிரியர்களிடமும் கேட்டபொழுது, பெரும்பாலோர் அது சக்தியாகவோ உஷ்ணமாகவோ மாறிவிடுகிறது என்றே விடையளித்தனர். இது பதார்த்தத்தின் நிறை அழியாதென்னும் விதிக்கே முரணானது. அவ்விருவரும் 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட கணக்கின்படி, பத்துக் கிலோ கொழுப்பு முற்றிலும் தகனமாவதற்கு இருபத்தொன்பது கிலோ பிராணவாயு வேண்டும். அத்தகனத்தின் இறுதியில் அந்தப் பத்துக் கிலோவில் 8.4 கிலோ கரியமிலவாயுவாகி நுரையீரல் வழியே வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோ நீராகிறது. சுவாசம் என்பது மந்தகதியில் நடைபெறும் தகனமே என்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லவாய்சியர் கண்டதையும், ஐந்து ராத்தல் புலனுக்கு எட்டாமல் மறைகிறது என்று சாந்தோரியோ கண்டதையும் சேர்த்து வாசித்தால் வரும் விடை இதுதான். வேகமாக மூச்சு வாங்கினாலே இளைத்துவிடலாம் என்று இதற்குப் பொருள் அன்று. அடுப்பில் எவ்வளவு விறகு எரிந்ததோ அவ்வளவுதான் புகை, ஊதுவதனால் மட்டும் அது பெருகிவிடாது.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டால், வேர்வையைப் பற்றிய மயக்கம் தானாகவே தெளியும். நீராவி அறையில் அமர்வதும், வயிற்றில் இறுக்கமான பட்டை கட்டிக்கொண்டு நடப்பதும், நடுவெயிலில் கம்பளிச் சட்டையோடு ஓடுவதும் எடையைக் குறைக்கின்றன என்பது பொய்யன்று. ஆனால் குறைந்தது நீர். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தவுடன் அது வந்த வழியே திரும்பிவிடுகிறது. உபவாசமோ பத்தியமோ தொடங்கிய முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கிவிட்டதென்று மகிழ்வோரின் நிலையும் இதுவே. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் ஏறக்குறைய அரைக் கிலோ சேமிப்பில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிணைத்து வைத்திருக்கிறது. ஆகாரம் குறைந்தவுடன் முதலில் செலவாவது இந்தச் சேமிப்பு. அது கரையும்பொழுது பிணைந்த நீரும் விடுபடுகிறது. முதல் வாரத்துக் குதூகலமும் மூன்றாம் வாரத்துச் சோர்வும் இந்த ஒரே காரணத்தால் விளைபவை. முன்னதில் நீர் போயிற்று, பின்னதில்தான் கொழுப்பு மெல்லப் போகத் தொடங்குகிறது. ஏமாற்றமடைந்து பத்தியத்தைக் கைவிடுவோர் பலர், மெய்யான பலன் ஆரம்பமாகும் தறுவாயிலேயே கைவிட்டுவிடுகின்றனர்.

வயிற்றைக் குறைக்க வயிற்றுக்கான பயிற்சி, தொடையைக் குறைக்கத் தொடைக்கான பயிற்சி என்று அங்கம் அங்கமாகக் கொழுப்பைக் கரைக்கலாம் என்ற நம்பிக்கையும் இத்தகையதே. டென்னிஸ் ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே கையால் மட்டையை வீசுபவர்கள். 1971-இல் அவர்களுடைய இரு கைகளையும் அளந்து பார்த்தபொழுது, ஆடும் கையின் தசை பருத்திருந்ததேயன்றி, தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மற்றக் கையிலிருப்பதை விடக் குறைந்திருக்கவில்லை. தசை தனக்கு வேண்டிய எரிபொருளைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்குவதில்லை. இரத்தத்தில் ஓடும் பொதுச் சொத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் கரையும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரையும் பாலினமும் வயதும் தீர்மானிக்கின்றன.

கொழுப்பு கரைகிறது என்னும்பொழுது கொழுப்பணுக்களே ஒழிந்துபோகின்றன என்று எண்ணுவதும் தவறு. அணுகுண்டுச் சோதனைகளால் வாயுமண்டலத்தில் பரவிய ஒருவகைக் கரியை அடையாளமாகக் கொண்டு மனிதக் கொழுப்பணுக்களின் வயதைக் கணித்த ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர், வளர்ந்த மனிதனிடத்தில் அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது என்றும், ஆண்டுதோறும் சுமார் பத்தில் ஒரு பங்கு மடிந்து அதே அளவு புதிதாகப் பிறக்கிறது என்றும், பெருமளவு இளைத்தவரிடத்திலும் அணுக்கள் சுருங்கினவேயன்றிக் குறையவில்லை என்றும் 2008-இல் வெளியிட்டனர். இளைத்தவரின் தேகத்தில் பழைய பத்தாயங்கள் அனைத்தும், பெரும்பாலும் காலியாக, அவ்விடத்திலேயே இருக்கின்றன.

பேரேட்டுக் கணக்கின் பிழை

1958-ஆம் ஆண்டில் மேக்ஸ் விஷ்னாப்ஸ்கி என்னும் நியூயார்க் வைத்தியர், ஒரு ராத்தல் உடற்கொழுப்பு ஏறக்குறைய 3500 கலோரிக்குச் சமம் என்று கணக்கிட்டு எழுதினார். கிலோவுக்கு 7700 என்று ஆகும் இந்தக் கணக்கு, கொழுப்பின் சக்தியை மதிப்பிட்ட அளவில் பிழையன்று. ஆனால் அதைப் பெற்றுக்கொண்ட பாடநூல்களும் பத்திரிகைகளும், நாளொன்றுக்கு இத்தனை கலோரியைக் குறைத்தால் இத்தனை மாதத்தில் இத்தனை கிலோ குறையும் என்று நேர்கோட்டில் வகுத்துப் பெருக்கத் தொடங்கியதில்தான் வழு நேர்ந்தது. பாலும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டம்ளர் காபியை நூறு கலோரி என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் ஒருவர் நிறுத்திவிட்டால், இக்கணக்கின்படி ஆண்டுக்கு ஏறக்குறைய நாலேமுக்கால் கிலோ குறைய வேண்டும்; எழுபது கிலோ எடையுள்ள மனிதர் பத்தாண்டில் இருபத்துமூன்று கிலோவாகி, பதினைந்தாம் ஆண்டின் முடிவில் காபியோடு தாமும் இல்லாமல் போய்விட வேண்டும்.

அவ்வாறு நிகழாமைக்குக் காரணம், வரவு குறைந்தவுடன் செலவையும் சுருக்கிக்கொள்ளும் இயல்பு தேகத்துக்கு உண்டு என்பதே. இளைத்த உடலைச் சுமந்து நடக்கவும் வெப்பமூட்டவும் குறைந்த சக்தியே போதும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹாலும் அவரது துணைவர்களும் 2011-இல் லான்செட் இதழில் வெளியிட்ட கணிதப்படி, நாள்தோறும் இருபத்துநான்கு கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் இறுதியில் குறைவது ஒரு கிலோ. அதில் பாதி முதலாண்டிலும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு மூன்றாண்டிலும் நிறைவேறும். பிறகு எடை ஒரு புதிய மட்டத்தில் நின்றுவிடும். மேற்படி காபியை விட்டவர் நாலு கிலோவுக்குச் சற்று மேல் இளைத்து அங்கே நிலைபெறுவார். இப்படி நிற்பதைப் பிரயத்தனம் தோற்றதாகக் கருதுகிறோம்; உண்மையில் பிரயத்தனம் வென்று, அதன் பயன் முழுவதும் கைக்கு வந்துசேர்ந்துவிட்ட நிலை அது.

சுருக்கம் இதோடு முடிந்திருந்தால் மனிதன் தப்பித்திருப்பான். இரண்டாம் உலக மகாயுத்தம் முடிவை நெருங்கிய காலத்தில், பட்டினியால் நலிந்த ஐரோப்பிய மக்களை மீட்கும் முறையைக் கண்டறிய வேண்டி, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு பரிசோதனையை நடத்தினார். மனச்சாட்சியின் காரணமாகப் போர்முனைக்குச் செல்ல மறுத்த முப்பத்தாறு இளைஞர்கள் தாமாக முன்வந்து, இருபத்துநான்கு வாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 1570 கலோரி ஆகாரத்தில் ஜீவித்து, தத்தம் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை இழந்தனர். அவர்களது நாடித்துடிப்பு மந்தமாயிற்று, கோடையிலும் குளிர்ந்தது, ஓய்வில் தேகம் செலவிடும் சக்தி ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கு குறைந்தது. அதைவிட ஆச்சரியம் அவர்களுடைய சித்தத்தில் நேர்ந்த மாறுதல். அதற்குமுன் சமையலைப் பற்றிச் சிந்தித்தே அறியாத வாலிபர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்து இரவெல்லாம் வாசித்தனர், தட்டை நக்கினர், ஒரே கவளத்தை நெடுநேரம் மென்றனர். ஆகாரம் மீண்டும் தாராளமாகக் கிடைத்தபின்னரும் அவர்களது பசி நெடுநாள் அடங்கவில்லை. இழந்த கொழுப்பு, இழந்த அளவையும் தாண்டித் திரும்பிற்று. இன்று பத்திய அட்டவணைகளில் 1200 கலோரி என்று சர்வசாதாரணமாக எழுதப்படுவதைக் காணுந்தோறும், 1570 கலோரிக்கு அந்த விரதம் பூண்ட இளைஞர்கள் பட்ட பாடு நினைவுக்கு வராமற்போவதில்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்பையே பந்தயமாக நடத்திய ‘தி பிக்கஸ்ட் லூசர்’ நிகழ்ச்சியில் பங்கேற்ற பதினால்வரை ஹால் குழுவினர் ஆறாண்டு கழித்து மீண்டும் அளந்து 2016-இல் எழுதிய அறிக்கை இவ்விஷயத்தில் இன்னும் கடுமையான சாட்சி. முப்பது வாரப் பந்தயத்தில் சராசரி ஐம்பத்தெட்டுக் கிலோ இழந்தவர்கள், ஆறாண்டில் சராசரி நாற்பத்தொரு கிலோவை மீண்டும் பெற்றிருந்தனர். ஆயினும் அவர்களுடைய தேகம் ஓய்வில் செலவிட்ட சக்தி, அந்த எடையும் வயதும் உள்ளவர்களிடம் எதிர்பார்க்கத்தக்கதைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐந்நூறு கலோரி குறைவாகவே இருந்தது. மெல்போர்னில் பத்து வாரக் கடும் பத்தியம் இருந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்து 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வில், திருப்தியை உணர்த்தும் லெப்டின் தாழ்ந்தும் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தும் இருந்த நிலை, ஓராண்டு கழிந்தும் மாறவில்லை என்று தெரியவந்தது. பத்தியம் முடிந்துவிட்டதென்று மனிதன் எண்ணிக்கொள்கிறான். அவன் தேகமோ பஞ்சம் இன்னும் நீங்கவில்லை என்றே எண்ணிக்கொண்டிருக்கிறது.

நிதானமாக இளைத்தால் நிலைக்கும், விரைவாக இளைத்தால் திரும்பிவிடும் என்னும் உபதேசமும் இவ்விடத்தில் பரிசீலிக்கத்தக்கது. மெல்போர்னிலேயே இருநூறு பேரை இரு கூறாக்கி, ஒரு சாராரைப் பன்னிரண்டு வாரத்திலும் மற்றவரை முப்பத்தாறு வாரத்திலும் இளைக்கச் செய்து 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இலக்கை எட்டியோர் விரைந்த சாராரிலேயே மிகுதி. பிறகு ஏறக்குறைய மூன்றாண்டில் இரு சாராரும் இழந்ததில் நூற்றுக்கு எழுபது பங்கைத் திரும்பப் பெற்றதிலோ யாதொரு பேதமும் இல்லை. வேகம் எதுவாயினும், எடை குறைந்த தேகத்தின் எதிர்ப்பு ஒன்றே.

படகு வலித்த கனவான்

அப்படியாயின் செலவைக் கூட்டினால் என்ன, உழைத்துக் கரைத்தால் என்ன என்ற கேள்வி எழும். லண்டனில் ஈமச்சடங்குக்கான ஏற்பாடுகளைச் செய்யும் தொழில் நடத்திவந்த வில்லியம் பான்டிங் என்னும் கனவான், வைத்தியர் ஒருவரின் யோசனைப்படி நாள்தோறும் அதிகாலையில் இரண்டு மணி நேரம் படகு வலித்தார். தசைகள் உரம்பெற்றன, ஆனால் பசியும் கூடவே பெருகி, எடை ஏறியதேயன்றி இறங்கவில்லை. பிற்பாடு ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்கி, 202 ராத்தலிலிருந்து ஓராண்டில் நாற்பத்தாறு ராத்தல் குறைந்த தம் அநுபவத்தை 1863-இல் அவர் ஒரு சிறு பிரசுரமாக வெளியிட்டார். அது பெற்ற கீர்த்தியின் சின்னமாக, ஸ்வீடிஷ் மொழியில் இளைப்பதற்காகப் பத்தியம் இருத்தலைக் குறிக்கும் வினைச்சொல் இன்றளவும் அவர் பெயரிலிருந்தே வழங்குகிறது.

பான்டிங் தற்செயலாகக் கண்டதை அறிவியல் பின்னர் உறுதிசெய்தது. எடை மிகுந்த அணுக்களால் அடையாளமிடப்பட்ட நீரைப் பருகச் செய்து, அது உடலைவிட்டு நீங்கும் வேகத்தைக் கொண்டு ஒருவர் செலவிடும் மொத்தச் சக்தியை வாரக்கணக்கில் அளக்கும் முறையைக் கையாண்டு, தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்ககழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பான்ட்சர் ஆராய்ந்தார். நாள்தோறும் பல மைல் நடக்கும் அம்மக்கள், தேக அளவைக் கருத்திற்கொண்டு ஒப்பிடுங்கால், நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் மேனாட்டாரைவிட அதிகச் சக்தியைச் செலவிடவில்லை என்பது 2012-இல் வெளியான முடிவு. ஒரு துறையில் உழைப்பு மிகும்பொழுது தேகம் வேறு துறைகளில் சிக்கனம் செய்கிறது என்பது அவர் கூறும் விளக்கம். அவரும் பிறரும் சேர்ந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரின் அளவைகளைத் தொகுத்து 2021-இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, முப்பது வயதைத் தாண்டியவுடன் உடலின் எரிப்பு மந்தமாகிவிடுகிறது என்ற பரவலான சமாதானத்தையும் பறித்துக்கொண்டது. உடலின் அளவையும் அமைப்பையும் ஒதுக்கிப் பார்த்தால் இருபதிலிருந்து அறுபதுவரை அது ஏறக்குறைய சமமாகவே இருக்கிறது.

ஒரு மணி நேர நடைக்குச் சராசரி மனிதன் செலவிடுவது ஏறக்குறைய 250 கலோரி. நடை முடிந்து திரும்பும் வழியில் கடையில் நின்று தின்னும் இரண்டு வடை அதைச் சரிக்கட்டிவிடும். ஆகவே தேகப்பயிற்சி வீண் என்று முடிவு கட்டுவோமாயின், ஒரு மயக்கத்திலிருந்து விடுபட்டு மற்றொன்றில் விழுவோம். இளைத்தபின் அந்நிலையைக் காப்பதிலும், பத்தியத்தால் தசை கரைந்துவிடாமல் தடுப்பதிலும், இரத்தத்தின் சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஒழுங்குசெய்வதிலும் அதற்கு ஈடானது வேறில்லை. எடை இயந்திரத்தின் முன் நிறுத்தி விசாரிக்கத்தக்க சாட்சி அது அன்று, அவ்வளவே.

கொள்ளும் தேனும் சப்பாத்தியும்

நம் வீடுகளில் எடைக்குறைப்பு என்றவுடன் முதலில் வெளியேற்றப்படுவது சோறு. அதன் ஸ்தானத்தில் அமர்வது சப்பாத்தி. அரிசியாயினும் கோதுமை மாவாயினும் நூறு கிராமுக்கு 320-இலிருந்து 360 கலோரிக்குள்தான். சப்பாத்திக்கு நார்ச்சத்து சற்று மிகுதி என்பது உண்மை. ஆயினும் மாற்றத்தால் இளைத்தவர் பலருக்கும் உதவியது கோதுமையன்று, எண்ணிக்கையே. சப்பாத்தியை மூன்று என்று எண்ணித் தட்டில் வைக்கிறோம். சோற்றையோ சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மும்முறை எண்ணாமல் வட்டிக்கிறோம். அதிகாலையில் வெந்நீரில் கலந்து பருகும் தேன் கொழுப்பைக் கரைக்கும் என்பதும் அத்தகைய நம்பிக்கை. நூறு கிராம் தேனில் ஏறக்குறைய முந்நூறு கலோரி உண்டு என்பதையும், கொழுப்பின் தகனத்தை அது தூண்டுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்னும் பழமொழியை எதிலே சேர்ப்பது? சரக சம்ஹிதையில் அதிஸ்தூலரைப் பற்றிய அத்தியாயம் கொள்ளையும் பாசிப்பயற்றையும் சிறுதானியங்களையும் அவர்களுக்கு விதிக்கிறது. அதற்கு அது சொல்லும் காரணம் கூர்மையானது. ஸ்தூலருக்குக் கொடுக்கும் ஆகாரம் குருவாகவும், அதே சமயம் புஷ்டி தராததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது வயிறு நிறைந்து நெடுநேரம் நிற்கவேண்டும், உடலில் சேர்வது குறையவேண்டும். கொள்ளில் கொழுப்பைக் கரைக்கும் மந்திரசக்தி எதுவும் இல்லை. அதில் உள்ளவை புரதமும் நாரும், அவை தரும் திருப்தியுமே. மேலும், மேதஸ் என்னும் கொழுப்பு உடலின் வழிகளை அடைப்பதால் வாயு உள்ளே சுழன்று ஜடராக்கினியை மூட்டுகிறது, ஆகவேதான் ஸ்தூலனுக்குப் பசி மிகுகிறது என்று அந்நூல் கூறுகிறது. அந்த உடற்கூற்றை இன்று நாம் ஏற்பதற்கில்லை. எனினும் பசியை ஒரு துர்க்குணமாகக் கருதாமல், உடலின் நிலையிலிருந்து பிறக்கும் காரியமாகக் கண்ட அந்தப் பார்வை, நம் காலத்து உபதேசிகள் பலரிடம் இல்லாதது.

கொழுப்பை விலக்குவதா, மாவுப்பொருளை விலக்குவதா என்று மேனாட்டில் நடந்துவரும் வாதத்திற்கும் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டபர் கார்ட்னர் 609 பேரை இரு கட்சியாகப் பிரித்து ஓராண்டு நடத்திய சோதனையில், கொழுப்பைக் குறைத்தவர் 5.3 கிலோவும் மாவுப்பொருளைக் குறைத்தவர் 6 கிலோவும் சராசரியாக இளைத்தனர் என்று 2018-இல் அறிவித்தார், இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. ஒவ்வொரு கட்சிக்குள்ளும் பெருமளவு இளைத்தவரும் இருந்தனர், எடை ஏறியவரும் இருந்தனர். பத்தியத்தின் பெயரைவிட, அதை ஒருவர் பசியோடு போராடாமல் எத்தனை நாள் கடைப்பிடிக்க முடிகிறது என்பதே முக்கியமாகிறது.

மனவுறுதி என்னும் குற்றச்சாட்டு

இத்தனைக்கும் பிறகு, பருத்தவர் தம்மையும் பிறரையும் ஏமாற்றுகிறார் என்ற குற்றச்சாட்டு எஞ்சி நிற்கிறது. இதில் ஒரு பாதி உண்மை உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. நாளொன்றுக்கு 1200 கலோரிக்குக் குறைவாகவே உண்டும் இளைக்கவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரை நியூயார்க்கில் சோதித்தபொழுது, அவர்களது உடலின் எரிப்பில் யாதொரு குறையும் காணப்படவில்லை. உண்டதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தும், உழைத்ததை ஒன்றரை மடங்காகக் கூட்டியும் அவர்கள் சொல்லியிருந்தனர் என்று 1992-இல் வெளியாயிற்று. ஆனால் இதைப் பொய் என்று சொல்வதைவிட ஞாபகத்தின் இயல்பு என்பதே பொருந்தும். அடுப்படியில் உப்புப் பார்த்த கரண்டியையும், குழந்தை மிச்சம் வைத்த இட்லியையும், விருந்தாளியோடு குடித்த இரண்டாம் காபியையும் எந்த இல்லத்தரசி கணக்கில் எழுதுகிறாள்? எடை அளவாக உள்ளவர்களும் தாம் உண்டதைக் குறைத்தே சொல்லுகிறார்கள்; அவர்களைக் குறுக்குவிசாரணை செய்பவர் இல்லை.

மற்றப் பாதியைக் கியூபெக்கில் கிளாட் பூஷார் நடத்திய பரிசோதனை காட்டுகிறது. ஒரே கருவிலிருந்து பிறந்த பன்னிரண்டு ஜோடி இரட்டையர்களுக்கு, எண்பத்துநான்கு நாள் அவரவர் தேவைக்கு மேல் ஆயிரம் கலோரி வீதம் ஊட்டியபொழுது, சிலர் நாலு கிலோவும் சிலர் பதின்மூன்று கிலோவும் ஏறினர். ஆனால் இரட்டையருள் ஒருவர் ஏறிய அளவை ஒட்டியே மற்றவரும் ஏறினார். அதே மிகையாகாரத்தில் ஒருவர் மற்றவரைவிட மும்மடங்கு பருப்பதற்கு எந்தப் பாவத்தைக் காரணம் சொல்வது? வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமக்ளூடைடு ஊசி மருந்து இவ்விவாதத்தில் புதியதொரு சாட்சியாக வந்திருக்கிறது. குடலில் சுரக்கும் ஒரு பொருளைப் போன்று மூளையில் பசியை அடக்கும் அம்மருந்தால், 2021-இல் வெளியான சோதனையில் அறுபத்தெட்டு வாரத்தில் சராசரி நூற்றுக்குப் பதினைந்து பங்கு எடை குறைந்தது. மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிட்டது. ஊசி போட்ட காலத்தில் மட்டும் அம்மனிதர்கள் உறுதிமிக்க ஞானிகளாகவும், நிறுத்தியபின் பலவீனர்களாகவும் மாறினார்கள் என்று சொல்ல யாரும் துணியமாட்டார்.

அட்டையின் மறுபக்கம்

எடையின் எண்ணைக் கொண்டு ஆரோக்கியத்தைக் கணிப்பதில் உள்ள இடர்ப்பாட்டுக்கு வருவோம். கிலோவில் கண்ட எடையை மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் சூத்திரம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெத்தலே என்னும் பெல்ஜிய வானசாஸ்திரி சராசரி மனிதனின் இலக்கணத்தைத் தேடியபொழுது கண்டது; தனி மனிதனின் நோயைக் கண்டறிய அவர் அதை வகுக்கவில்லை. உடல் நிறைக் குறியீட்டெண் என்று இன்று வழங்கும் பெயரை 1972-இல் அதற்குச் சூட்டியவர் முற்கூறிய ஆன்சல் கீஸே. பூனாவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கின் என்னும் இரு வைத்தியர்கள் தம் படத்தை 2004-இல் லான்செட் இதழில் அருகருகே வெளியிட்டனர். இருவருக்கும் குறியீட்டெண் ஒன்றே, 22.3, ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாக்னிக்கின் உடலில் 21.2 பங்கு. ஒல்லியாகத் தோன்றும் இந்தியரின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பைத் தராசு அறியாது. அதனாலேயே இந்தியருக்கு மிகையெடையின் எல்லையை இருபத்தைந்திலிருந்து இருபத்துமூன்றாகத் தாழ்த்த வேண்டியதாயிற்று. எடை அளவாயிருப்பதால் தமக்குக் கவலையில்லை என்று எண்ணுவோருக்கும் இது ஓர் எச்சரிக்கை.

எடை குறைவதால் நன்மையே இல்லை என்பதன்று இங்குச் சொல்லவருவது. அமெரிக்காவில் நீரிழிவை எதிர்நோக்கியிருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டவரிடையே நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், எடையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைப்பதை இலக்காகக் கொண்டு உணவையும் நடையையும் ஒழுங்குசெய்தவர்களுக்கு அந்நோயின் அபாயம் பாதிக்கு மேல் குறைந்தது. சிறிய குறைவும் பெரிய பயனைத் தரும். ஏழு பங்கு குறைந்தவர் கண்ணாடியில் தம்மைப் பார்த்து ஏமாற்றம் அடையக்கூடும், ஆனால் அவரது இரத்தம் ஏமாறவில்லை.

இதற்கும் ஒரு படி மேலே சென்று நம்மைச் சிந்திக்க வைப்பது சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சி. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு சாராருக்கு நாள்தோறும் அரைமணி நேர விரைநடையும் ஆகாரத்தில் எளிய மாறுதல்களும் சொல்லி முப்பது மாதம் கவனித்தார்கள். வழக்கம்போல வாழ்ந்த சாராரில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் நீரிழிவுக்கு ஆளாக, நடந்தும் உணவைத் திருத்தியும் வாழ்ந்தவரில் முப்பத்தொன்பது பேரே ஆளாயினர் என்று 2006-இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அம்முப்பது மாதத்திலும் அவர்களது எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதுதான் அதன் விசேஷம். மாதந்தோறும் அவர்கள் எடை இயந்திரத்தில் ஏறி நின்றிருந்தால், அட்டையின் முன்பக்கத்தில் அதே எண்தான் விழுந்திருக்கும்; செய்த முயற்சியெல்லாம் வீணென்று பலர் கைவிட்டும் இருப்பார்கள். முன்பக்கத்து எண் மாறாமலிருக்கவே, மறுபக்கத்துப் பலன் மட்டும் பலருக்கு மாற்றி எழுதப்பட்டுவிட்டது.